நூற்றேழுக்கு அடுத்த எண்

விருதுக்குப் படைப்பு கொடுக்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெர்லாவின் கவிதைக் கட்டின் மேல் நூற்றேழு என்று விழுந்தது. அடுத்தது என்னுடைய நாவல். மேஜைக்குப் பின்னால் இருந்த தோன் பெனிக்னோ எண் அடிக்கும் கருவியைத் தூக்கினார். என் நாவலை விட்டுவிட்டு, மேஜை ஓரத்தில் கிடந்த பழைய செய்தித்தாளின் மேல் ஒரு குத்துக் குத்தினார். அப்புறம்தான் என் அட்டைக்கு வந்தார். நூற்றொன்பது.

"பேப்பர்ல எதுக்கு அடிச்சீங்க?" என்றேன்.

"மை சரியா விழுதான்னு பாத்தேன்."

"முன்னாடி போனவங்களுக்கெல்லாம் பாக்காமலே சரியா விழுந்துச்சே."

அவர் செய்தித்தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். "உறை எங்க? வெளிய புனைபெயர், உள்ள சொந்தப் பேரு. நல்லா ஒட்டியிருக்கணும். வச்சிட்டுப் போ மகளே. அடுத்தது."

தோன் என்றால் எங்கள் ஊரில் ஐயா. தபால் ஆபீஸில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் கருவியும் அங்கிருந்து வந்ததுதான். ஒவ்வொரு குத்துக்கும் தானாக ஓர் எண் ஏறிக்கொள்ளும். நான் குனிந்து கூடையிலிருந்து தாளை எடுத்து விரித்தேன். கால்பந்துச் செய்திக்கு நடுவில், நீல மையில், ஈரம் காயாமல் நூற்றெட்டு.

எங்கள் நாட்டில் அது வெறும் எண் இல்லை, வசவு. ஐம்பதுகளின் கடைசியில், சர்வாதிகாரி காலத்தில், ஒரு வானொலி அறிவிப்பாளர் எரிந்து செத்தார். யார் செய்தது என்று தெரியாத போலீஸ், ஆண்களை விரும்பும் ஆண்களைத் தேடித் தேடி அள்ளிக்கொண்டு போனது. நூற்றெட்டுப் பேர் என்று ஒரு பட்டியல் தலைநகர் அசுன்சியோன் முழுக்கக் கைமாறியது. அன்றிலிருந்து இந்த ஊரில் நூற்றேழாம் எண் வீட்டுக்குப் பக்கத்து வீடு நூற்றொன்பதாகத்தான் இருக்கும். அந்த எண் விழுந்த கார்ப் பலகையை மாற்றித் தரச் சொல்லி ஆள் பிடிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் மென்மையாகப் பேசுகிற பையனின் பையில் சாக்குக்கட்டியால் அதை எழுதி வைப்பார்கள்.

ஊர் அப்படி இருக்கட்டும். இது எங்கள் இடம். லபாச்சோ விருது எங்கள் விருது. தன்பாலின ஈர்ப்பாளர்களும் திருநங்கைகளும் திருநம்பிகளும் எழுதும் புத்தகங்களுக்கு, அவர்களே கூடி நடத்தும் விருது. இந்த வீட்டுச் சுவர் முழுக்க வானவில் கொடி. சமையலறையில்கூட ஒன்று தொங்குகிறது, அதில் கை துடைக்கிறார்கள். இந்த மேஜையிலும் நூற்றேழுக்கு அடுத்தது நூற்றொன்பதா?

"எனக்கு என் நம்பரைக் குடுங்க," என்றேன்.

"உன் நம்பர் நூத்தியொம்பது."

"வரிசையில பெர்லாவுக்கு அடுத்து நான் நின்னேன். நூத்தியேழுக்கு அடுத்து என்ன வரும்? ஒண்ணாங்கிளாஸ் கணக்கு."

பெர்லா திரும்பி வந்தாள். திருநங்கை, நாற்பது தாண்டியவள், பேருந்து நிலையத்துக்கு எதிரே மாலையில் சிப்பா ரொட்டி விற்பவள். எந்தச் சண்டையையும் பார்க்காமல் போகமாட்டாள். "என்னடி லிப்ராதா, நாவலக் குடுத்தமா போனமான்னு இல்லாம?"

"உனக்கும் எனக்கும் நடுவுல ஒருத்தரக் குப்பையில போட்டுட்டாரு."

தாளைக் காட்டினேன். பெர்லா பார்த்தாள். "அட, பாவி மனுஷா," என்றாள். "நம்ம வீட்டுக்குள்ளயே நமக்கு எடம் இல்லையா?"

தோன் பெனிக்னோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் எனக்காகப் பேசவுமில்லை. அந்த மௌனம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து, என் அட்டையில் இருந்த நூற்றொன்பதைக் குறுக்கே அடித்துவிட்டு, பக்கத்தில் பெரிதாக நூற்றெட்டு என்று எழுதினேன்.

அதுதான் நான் செய்த வினை.

மறுநாளே டாக்டர் சாரத்தே கூப்பிட்டு அனுப்பினார். வக்கீல், இங்கே வக்கீலும் டாக்டர்தான். விருதுக் குழுவின் தலைவர், மூன்று நடுவர்களில் ஒருவர். மற்ற இருவர் வெளிநாட்டில். பெரிய குடும்பத்து மனிதர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. எண்களை ஒன்றிலிருந்து தொடங்காமல் நூற்றொன்றிலிருந்து தொடங்கச் சொன்னதே அவர்தான். வந்த புத்தகங்கள் கொஞ்சம் என்று வெளியே தெரியக்கூடாதாம். எட்டாவது அடியில் பள்ளம் இருக்கிறது என்று மகா படிப்புப் படித்த அந்தக் குழுவில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"உக்காரு மகளே," என்றார். "கோவமா இருக்கேன்னு நெனைக்காத. இது தண்டனை இல்ல, விதி. எழுதினது யாருன்னு நடுவர்களுக்குத் தெரியக்கூடாது. அதுக்குத்தான் புனைபெயரு, ஒட்டின உறை, எல்லாம். எழுதுனவங்களக் காட்டிக்குடுக்கற எந்தக் குறியும் அட்டையில இருக்கக்கூடாது. நீ உன் கையெழுத்துல எழுதிட்ட. அதுவும் அந்த எண்ணை. ஊரே பேசுது, எந்தப் படைப்பு உன்னுதுன்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு. இனி நான் எப்படித் தீர்ப்பு சொல்றது?"

இது எனக்கு உறைக்கவே நேரம் பிடித்தது. என் எண்ணைக் கேட்டதாலேயே நான் வெளியே தெரிந்துவிட்டேன். வெளியே தெரிந்ததாலேயே நான் தகுதி இழந்துவிட்டேன். எங்களுக்காக நடத்தும் விருதில், வெளிப்பட்டுவிட்டாள் என்று ஒருத்தியைத் தள்ளுகிறார்கள்.

"என்ன செய்யணும்?"

"வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதுசா ஒரு பிரதி எடுத்துட்டு வா. வேற தலைப்பு, வேற புனைபெயரு. பேசாம நின்னு, குடுக்கற எண்ண வாங்கிக்க. நான் எல்லாத்தையும் மறந்துடறேன்."

"நூத்தியெட்டு மட்டும் கெடையாது."

அவர் கதவைப் பார்த்தார். சாத்தித்தான் இருந்தது. "இறுதிச்சுற்றுப் படைப்புகளோட எண் பத்திரிகையில வரும். அந்தப் பக்கத்துக்குச் செலவு பண்றது கூட்டுறவுச் சங்கம். ஜெயிக்கற புத்தகத்த அச்சடிக்கறதும் அவங்கதான். ஊர் சிரிக்கும் மகளே."

"நூத்தியொம்பதுன்னு போட்டா ஊர் எந்திரிச்சு நின்னு கும்பிடுமா டாக்டர்?"

"அந்த எண் ஆம்பளைங்க மேல குத்துனது. நீ பொம்பளப் புள்ள. உனக்கு எதுக்கு அது?"

"எங்க மேல குத்தறதுக்கு ஒரு நம்பர்கூடக் கெடைக்கல அவங்களுக்கு. எங்களக் கணக்குலயே எடுக்கல. நீங்க பயன்படுத்தாமத்தானே வச்சிருக்கீங்க? எனக்குக் குடுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

வெளியே வந்தபோது பயந்துதான் போயிருந்தேன், பொய் சொல்லமாட்டேன். இந்த விருதை விட்டால் என் நாவலுக்கு வேறு வாசல் கிடையாது. மூன்று பதிப்பாளர்களிடம் போய்விட்டு வந்தது. ஒருவர் படிக்கவே இல்லை. ஒருவர் தாளின் தரத்தைப் பாராட்டினார். மூன்றாமவர் முழுக்கப் படித்துவிட்டு, "வெள்ளம் வந்த வருஷத்துல ஒட்டுப்பலகைக் கொட்டகையில ரெண்டு பொம்பளைங்க, நல்லாத்தான் இருக்கு. ஒருத்திய ஆம்பளையா மாத்திட்டு வா," என்றார். அந்தக் கொட்டகையில் நான் வளர்ந்தேன். ஆறு ஏறி எங்கள் குடிசைகளை எடுத்துக்கொண்டபோது, ஊர்ச் சதுக்கத்தில் பலகை அடித்துக்கொண்டு கிடந்தோம். அங்கேதான் அந்த இரண்டு பெண்களையும் பார்த்தேன். யாரையும் யாராகவும் மாற்றமுடியாது. லபாச்சோ வாங்கிய புத்தகத்தை அச்சடித்து நாடு முழுக்க நூலகங்களுக்கு அனுப்புவார்கள். எங்கள் ஆற்றோரச் சேரியில் ஒரு நூலகம் இருக்கிறது, ஒரே ஒரு அலமாரி. அதில் அது நிற்கவேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

நாலாம் சந்தைக் கடையில் அம்மா, தெரேரே என்னும் குளிர்பானத்துக்கு மூலிகை இடித்துக்கொண்டிருந்தாள். புதினாவும் கோரைக்கிழங்கும் கலந்த வாசம். பெர்லா முக்காலியில் உட்கார்ந்து, வயிற்றுக்கு என்று எதையோ இடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"அவங்க வீட்டுப் பரிசு, அவங்க வீட்டு நம்பரு," என்றாள் அம்மா. "குடுத்தத வாங்கிக்க. புத்தகம் அச்சாகட்டும். அதுக்கப்புறம் ஆற அமரச் சண்ட போடு."

"அதுக்கப்புறம்னு ஒண்ணு நம்ம வீட்டுல என்னைக்காவது வந்திருக்காம்மா?"

அம்மா உலக்கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இவளப் படிக்க வச்சதுக்கு எனக்கு வாய்ச்ச கூலி," என்று பெர்லாவிடம் சொன்னாள்.

"வாய் மட்டும் பட்டம் வாங்கியிருக்கு ஞா செபெரினா," என்றாள் பெர்லா அம்மாவிடம். "அங்க உங்க மக பேசும்போது அந்தக் கெழவன் முகத்தப் பாக்கணுமே. வேகாத மரவள்ளியக் கடிச்ச மாதிரி."

முதல் தலைமுறையாகப் படித்தவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தாளையும் மூன்று தரம் படிப்பாள். படிக்கத் தெரியாமல் ரேகை வைத்து ஏமாந்த குடும்பத்தின் பழக்கம். விருதின் விதிகளை எடுத்து, மூலிகைக் கட்டுகளுக்கு நடுவில் வைத்துப் படித்தேன். இரண்டாம் தரம் ஒன்றும் சிக்கவில்லை. மூன்றாம் தரம் சிக்கியது.

"பெர்லா, இதக் கேளு. கடைசி நாள் வரைக்கும் படைப்பத் திரும்ப வாங்கிட்டு மறுபடி குடுக்கலாம். ஒவ்வொரு படைப்புக்கும் செயலகம் ஒரு எண் தரும். அவ்வளவுதான் போட்டிருக்கு."

"சரி. அதுக்கு?"

"ஒவ்வொண்ணுக்கும் வேற வேற எண்ணுன்னு எங்கயும் போடல."

பெர்லா கண்ணைச் சுருக்கினாள். அவளுக்கு எழுத்து மெதுவாக வரும், புத்தி வேகமாக வரும். "உங்கிட்ட மட்டும் அந்த நம்பர் இருந்தாத்தான் அது நீ. எங்கிட்டயும் இருந்தா?"

"அப்ப யாருன்னு தெரியாது."

"நூத்தியேழா இருந்து நான் என்னத்தக் கிழிச்சேன்," என்று எழுந்தாள் பெர்லா. "மாத்திக்கிறேன். பட்டியல்ல இருந்த அத்தன பேருக்கும் ஊர் ஒரே நம்பரத்தானே குடுத்துச்சு? ஆளுதானே வேற வேற."

எங்களில் யார் என்ன எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது. யார் அனுப்பினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு சின்ன ஊர். வெள்ளிக்கிழமை வந்து எல்லோரும் நூற்றெட்டையே வாங்கிக்கொள்வோம் என்று வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பினேன். முதல் பதில்: உனக்கு விளம்பரம் வேணும்னா முடியை வெட்டிக்க. இரண்டாவது: நான் வர்றேன், எங்க நிக்கணும்? கொன்செப்சியோனிலிருந்து ஒரு வாத்தியார் பேசினார், குரலைத் தாழ்த்தி, பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தத்தோடு. "நான் இன்னும் பள்ளிக்கூடத்துல வேலை பாக்கறேன்மா. உறைக்குள்ள என் பேர எழுதறதுக்கே எனக்கு ஒரு ராத்திரி ஆச்சு. என்ன விட்டுடு."

அவரைக் கோழை என்று திட்டி ஒரு செய்தி போட்டேன். பெர்லா என்னைத் திட்டி ஒரு செய்தி போட்டாள், எல்லோரும் கேட்கும்படி. "ஒவ்வொருத்தன் கழுத்துல ஒவ்வொரு கயிறு கெடக்கு லிப்ராதா. உன் கயிறு அறுந்துபோச்சுங்கறதுக்காக அடுத்தவன் கயித்தப் புடிச்சு இழுக்காத." நான் போட்டதை அழித்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. இன்னும் கோபம் இருந்தது.

வெள்ளிக்கிழமை வடக்குக் காற்று அடித்தது. அந்தக் காற்று அடிக்கும் நாளில் எங்கள் ஊரில் கல்யாணம் பேசமாட்டார்கள், நிலம் வாங்கமாட்டார்கள், பைத்தியம் பிடிக்கும் என்பார்கள். விருது வீட்டின் கதவு திறந்தபோது நானும் பெர்லாவும் மட்டும் நின்றோம். கொஞ்ச நேரத்தில் எழுத்துப் பட்டறையில் எங்களோடு எழுதுகிறவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மத்தியானத்துக்குள் வரிசை வாசல் தாண்டி மாமரம் வரைக்கும் போயிற்று. எனக்கு முகம் தெரியாதவர்களும் நின்றார்கள். பிலாரிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்த, என் அம்மா வயதுப் பெண் ஒருத்தி, யாரிடமும் பேசாமல், கோப்பை மடியில் அணைத்துக்கொண்டு நிழலில் குந்தியிருந்தாள். எல்லோரும் வரவில்லை. பாதிக்கு மேல் வந்தார்கள், எனக்கு அது போதும்.

தோன் பெனிக்னோ பழைய படைப்புகளைத் திருப்பிக் கொடுத்தார், உறைகளையும் கொடுத்தார். விதி இருக்கிறது, கொடுத்தார். அட்டைகளை நாங்கள் மாற்றினோம். புதிய தலைப்பு, புதிய புனைபெயர், வெள்ளை அட்டை. எல்லாம் ஒரே மாதிரி. என் நாவலை முதலில் வைத்தேன்.

"நூத்தியெட்டு," என்றேன். "எனக்கு மட்டும் இல்ல. வரிசையில நிக்கற எல்லாத்துக்கும்."

"கருவி ஏறிக்கிட்டே போகும்."

"பக்கத்துல ஒரு விசை இருக்கு. ஒரே நம்பர் திரும்பத் திரும்ப விழற மாதிரி வைக்கலாம். நீங்க தபால் ஆபீஸ்காரரு, உங்களுக்குத் தெரியாதா?"

அவர் கருவியைத் தொடவில்லை. கைகளை மேஜைக்குக் கீழே கொண்டுபோய்விட்டார். "இது உங்களுக்கு வெளையாட்டுச் சாமானாப் போச்சு," என்றார். குரல் சத்தமாக இல்லை. "எங்க அண்ணன் பேரு அந்தப் பட்டியல்ல இருந்துச்சு. நான் அப்போ அரை டவுசர் போட்ட பையன். தலைய மொட்டையடிச்சு அனுப்புனாங்க. எங்க வீட்டுக் கதவுல தாரால அந்த நம்பர எழுதிட்டுப் போனாங்க. அம்மாவும் நானும் மண்ணெண்ணெய் ஊத்தித் தேச்சோம். போகல. கடைசியில கதவையே கழட்டிட்டோம். கதவு இல்லாம ஒரு மழைக்காலம் இருந்தோம். நீ பேனாவ எடுத்து எழுதிட்ட, பெருசா."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, அவர்மேல் இல்லை, அந்தக் கதவின் மேல்.

"நீங்க தேச்சீங்க," என்றேன். "தேச்சும் போகல. நான் தேய்க்கமாட்டேன். எங்க கதவுலயும் எழுதுவாங்க, தெரியும். எழுதுன இடத்துல அது நின்னுட்டுப் போகட்டும். கதவக் கழட்டறவ நான் இல்ல."

"வாய்," என்றார் அவர்.

"அதான் எங்கிட்ட இருக்கு."

அப்போதுதான் டாக்டர் சாரத்தே உள்ளே வந்தார். யாரோ போன் போட்டிருக்கிறார்கள். காற்றில் சட்டைக் கஞ்சி எல்லாம் போயிருந்தது. வரிசையைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "பெனிக்னோ," என்றார், வீட்டு வேலைக்காரனைக் கூப்பிடுகிற தோரணையில். "அந்தக் கருவிய உள்ள எடுத்து வை. அந்த எண் இந்த வீட்டுல விழக்கூடாது. நான் சொல்றேன்."

தோன் பெனிக்னோ நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்க?"

"விழக்கூடாதுன்னு சொன்னேன்."

"இத எங்கிட்ட முன்னாடியே சொல்லிட்டாங்க டாக்டர். மொதல்ல போலீஸ்காரன் சொன்னான், அந்த நம்பர்ல உன் அண்ணன் இருக்கான், வாயத் தொறக்காதேன்னு. அப்புறம் பாதிரியாரு. அப்புறம் மச்சான். தபால் ஆபீஸ்ல அதிகாரி சொன்னாரு, நம்பர் போடும்போது அதத் தாண்டிப் போடு பெனிக்னோ, எதுக்கு வம்புன்னு. வேல பாத்த காலம் பூரா தாண்டித் தாண்டிப் போட்டேன். இந்தப் புள்ள கேக்கற வரைக்கும் என் கை தானாத் தாண்டுதுன்னுகூட எனக்குத் தெரியாது. இப்ப நீங்களும் சொல்றீங்க."

"நான் எல்லாருடைய நன்மைக்கும்..."

"அவங்களும் அதத்தான் சொன்னாங்க."

கைகள் மேஜைக்கு மேலே வந்தன. விசையைத் தள்ளினார். எண் சக்கரங்களைப் பின்னால் திருகினார். மையில் ஒற்றி, என் நாவலின் அட்டை மேல் ஒரே குத்து. மேஜையில் இருந்த தெரேரேக் கூஜா அதிர்ந்தது.

"அடுத்தது," என்றார். "தள்ளாதீங்க. உறைய அட்டைக்கு அடியில வைங்க, மேல இல்ல. உங்களத்தான், நடுவுல பூந்தா நம்பர் கெடையாது. அடுத்தது."

அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. தபால் ஆபீஸ் மூடும் நேரத்தில் கூட்டத்தைப் பார்த்து எரிந்து விழும் அதே மனிதர். குத்து, அடுத்தது, குத்து. பெர்லா தன் முறை வந்ததும், "அழுத்திக் குத்துங்க தோன், எனக்கு மங்கலா விழுந்தாப் புடிக்காது," என்றாள். "வாய மூடிட்டு நகரு," என்றார்.

டாக்டர் சாரத்தே சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கடைசியில் விதித் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, அவரும் படித்தார். "வேற வேறன்னு போட்டிருக்கணும்," என்று தனக்குள்ளே சொன்னார். "எழுதுனதே நான்தான்."

அந்த மனிதரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். சொல்கிறேன், பிடிக்காவிட்டாலும். இறுதிச்சுற்றுப் பட்டியல் தயாரானபோது கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள் வந்து குதித்தார்கள். இறுதிக்கு வந்தவை ஐந்து, அதில் நாலு நூற்றெட்டு. பக்கத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை, அச்சுக்கும் பொறுப்பில்லை, விலகுகிறோம் என்றார் மேலாளர். டாக்டர் சாரத்தே ஒப்பந்தத்தை எடுத்துப் போட்டார். "தாராளமா வெலகுங்க. காரணத்த எழுத்துல குடுங்க. எந்த எண்ணால வெலகுறீங்கன்னு உங்க சங்கத்து முத்திரையோட, உங்க கையெழுத்துல. கோர்ட்டுல நீதிபதி முன்னாடி அத வாயாலயும் சொல்லணும்." மேலாளருக்கு அந்த எண்ணை எழுதக் கை வரவில்லை. சங்கம் விலகவில்லை. விழாவுக்கு அவர்கள் மண்டபத்தை மட்டும் தரவில்லை, வர்ணம் பூசுகிறார்களாம்.

அதனால் விழா எங்கள் மாமரத்தடியில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், இரவல் வாங்கிய ஒலிபெருக்கி, பெர்லாவின் சிப்பா இரண்டு கூடை. பத்திரிகையில் அன்று காலை பட்டியல் வந்திருந்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக, அதே எண், அதே எண், அதே எண். பஸ்ஸில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனுக்குக் காட்டிச் சிரித்ததை நானே பார்த்தேன். "அதுல ஒண்ணு என்னுது," என்றேன். சிரிப்பு நின்றது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டான், அவனுடைய நிறுத்தமாக இருக்காது.

என் புனைபெயர் அந்த ஐந்தில் இருந்தது. வேறு யாருடையது எது என்று எனக்குத் தெரியாது, டாக்டர் சாரத்தேக்கும் தெரியாது. அம்மா கடையைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டு வந்து, மூன்றாம் வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க," என்று என்னிடம் சொன்னாள், யாரோ வேறு மாதிரி சொல்லியிருந்தது போல.

டாக்டர் சாரத்தே ஒலிபெருக்கி முன்னால் வந்தார். நடுவர்களின் குறிப்பைப் படித்தார். துணிச்சல், மொழிவளம், இன்னபிற. பிறகு தாளைத் திருப்பினார். "இந்த ஆண்டின் லபாச்சோ விருது," என்றார், "படைப்பு எண்..." அதற்கப்புறம் உதடு மட்டும் அசைந்தது.

நான் எழுந்து நின்றேன். "டாக்டர், பின்னாடி கேக்கல. எண்ண இன்னொரு தரம் சொல்லுங்க."

"கேக்கல," என்றாள் பெர்லா. "கேக்கல," என்றார் தோன் பெனிக்னோ, முதல் வரிசையிலிருந்து, ஒலிபெருக்கிக்குக் கையெட்டும் தூரத்திலிருந்து.

அவர் மூச்சை இழுத்தார். அறுபது வயது மனிதர். வாழ்நாளில் அதை அவர் உரக்கச் சொல்லியிருக்க முடியாது.

"நூற்றெட்டு," என்றார்.

மதில்சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர்களின் தலைகள் எழும்பின. இந்தப் பக்கம் நாங்கள் எழும்பினோம். அந்த எண்ணை வாங்கிய ஒவ்வொருவரும், பிளாஸ்டிக் நாற்காலிகள் பின்னால் சாய, யார் ஜெயித்தது என்று தெரியாமல், எல்லோருமாக. வெள்ளை அட்டைக்கு மாறாதவர்களும் சிலர் நின்றார்கள். அம்மா உட்கார்ந்தே இருந்தாள். நான் அவளைப் பார்க்க, "முழங்கால்," என்றாள்.

பிறகு அவர் புனைபெயரைப் படித்தார். என்னுடையது இல்லை.

உறையைப் பிரித்துச் சொந்தப் பெயரைப் படித்தார். பிலாரிலிருந்து வந்த அந்தப் பெண். எங்கள் எல்லோர் தோள்களுக்கும் கீழே எங்கோ நின்றிருந்தவள், முழங்கையால் எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். வழி விட்டோம். அவள் புத்தகம் என்னுடையதைவிட நன்றாக இருந்திருக்கலாம். இருக்கட்டும், எனக்கு எரிந்தது. என் நாவலை அடுத்த வருடம் மறுபடி கொண்டுவருவேன். அந்த இரண்டு பெண்களில் ஒருத்தியும் ஆணாக மாறியிருக்கமாட்டாள்.

அவள் மேடையில் பேச ஆரம்பித்தாள், குவாரனி மொழியில், மெதுவாக. உட்காரச் சொல்லி யாரும் சைகை காட்டவில்லை, யாரும் உட்காரவும் இல்லை. மதில்மேல் தலைகள் அப்படியே இருந்தன, எண்ணிப் பார்ப்பதுபோல.

பெர்லா என் காதருகே குனிந்தாள். அன்று அவள் போட்டிருந்தது மிக உயரமான குதிகால் செருப்பு. "உக்காரலாமாடி? காலு போகுது."

"இன்னும் கொஞ்ச நேரம் நிப்போம்," என்றேன்.